விரோதம் உண்டோ?

எழுபதுகளில், பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத நான், மலையாளச் சீமையிலுள்ள சித்தூர் அருகே எங்கள் வீட்டு முன்னறையில் மாவு மில் வைக்கப் பஞ்சாயத்தில் அனுமதி கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதம் கட்டாயம். அவரோ வரப்புத் தகராறில் எங்களோடு பேச்சை நிறுத்தியவர்.

விசாரிக்க வந்த மலையாள அதிகாரி அவரிடம், "விரோதம் உண்டோ?" என்றார். மலையாளத்தில் அது ஆட்சேபணை. எங்கள் தமிழில் பகை.

"இல்லாம இருக்குமுங்களா? நெறைய இருக்குதுங்க!"

அதிகாரி எழுதத் தொடங்கினார். இரண்டு விரோதங்களுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டேன். விளக்குவதென்றால், பேச்சை நிறுத்திய பக்கத்து வீட்டுக்காரரிடமே பேச வேண்டும்.

"ஏனுங்க மாமா, மில்லு ஓடறதுக்குத் தடை உண்டான்னு கேக்கறாருங்க."

அவர் என்னைப் பார்க்காமல் அதிகாரியிடமே சொன்னார்: "அதுக்கெதுக்குங்க தடை? மில்லு ஓடட்டுமுங்க. விரோதம் அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அனுமதி கிடைத்தது. அவர் கடைசிவரை என்னிடம் பேசவில்லை. மில்லின் அதிர்வு அவர் சுவரைத் தொடும்போதெல்லாம், அவர் பகையில் இருந்த நியாயம் நான் பழகும் நட்புகளில் உண்டா என்று யோசிப்பேன்.