தோஷம் இல்லை என்று சொல்லப் போனேன்

குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் படித்துப் பிழைப்பவள் நான். வேலூரில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குச் சின்ன டப்பாக்களில் மலம் வரும். அதிலுள்ள ரோட்டா வைரஸின் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசித்து, எந்தக் கிருமி எதற்கு உறவு என்று கிளை பிரித்து வரைவேன். சொந்தபந்தம் பார்ப்பதில் கல்யாணத் தரகர் என்னிடம் தோற்றுப்போவார். ஒரே குடலில் இரண்டு வகை சேர்ந்தால் மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொண்டு புது வேஷத்தில் கிளம்பிவிடும். அதற்கான தடுப்புச் சொட்டு மருந்து குடித்த பிள்ளையையும் சில சமயம் அது படுக்கவைத்துவிடும்.

மாதனூர்ப் பக்கம் ஒரு குழந்தை அப்படித்தான் இறந்துபோனது. அம்மா ஷூ கம்பெனியில் வேலை செய்பவள். தூரமான நாளில் குளிக்காமல் பிள்ளையைத் தூக்கினாள், தோஷம் பட்டுவிட்டது என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார். சோதனை முடிவைச் சொல்ல நான் கூப்பிட்டபோது அவள் போனில் அழுதாள்.

"நீங்க வந்து சொல்லுங்க மேடம். நான் சொன்னா யாரு நம்புறாங்க?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே போனேன். மாமியார் வாசலில் உட்கார்ந்திருந்தார், மருமகள் கதவோரம் நின்றிருந்தாள். தோஷமும் இல்லை, கீஷமும் இல்லை, கிருமிதான், நானே சோதித்துப் பார்த்தேன் என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

"சரி, கிருமின்னே வெச்சுக்கோ. அது எங்கருந்து வந்துச்சு?" என்றார் மாமியார்.

எனக்குத் தெரியும். மருமகள் வேலைக்குப் போகும்போது பிள்ளையை விட்டுச்சென்ற காப்பகத்தில் இன்னொரு குழந்தைக்கு முன்பே பேதி கண்டிருந்தது. இரண்டு கிருமியும் அச்சு அசல் ஒன்று. அதை வெளியே சொல்ல எனக்கு அனுமதியும் இல்லை, மனமும் இல்லை.

"எங்கருந்து வேணா வரலாம்மா. தண்ணி, கை, வேற பசங்க..." என்று இழுத்தேன்.

"வேற பசங்கன்னா? காப்பகத்துலயா?"

நான் தரையைப் பார்த்தேன். பொய் சொல்ல வராத முகம் என்னுடையது.

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மருமகளைக் கைகாட்டினார். "இவ வேணாம்னுதான் சொன்னா. முட்டி வலி ஜாஸ்தியா இருக்கு, என்னால ஓடியாட முடியல, அங்க உட்டுட்டுப் போன்னு சொன்னது நாந்தாம்மா."

தோஷம் அவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு அழுகை வந்தது.

மருமகள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தோஷம்னே இருந்துட்டுப் போயிருக்கலாம் மேடம்" என்றாள்.