ஞாயிறு காலை ரெனிட்டாவின் கம்ப்யூட்டர்

ரெனிட்டாவை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும், பரிதாபம் பிறகுதான். எங்கள் சபைப் பெண். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் டிசைனர். ஷூவின் ஒவ்வொரு துண்டையும் தோலில் எப்படி வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பாள். அந்தக் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை லீவு, ஞாயிற்றுக்கிழமை வேலை. கணவன் ஆலனுக்கோ ஜோலார்பேட்டையில் ரயில்வே டியூட்டி, வீட்டில் கைக்குழந்தை. அதனால் ஞாயிறு மட்டும் வீட்டு லேப்டாப்பிலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டரை இயக்கிக்கொள்ள மேனேஜர் வாஹித் பாஷா அனுமதித்திருந்தார்.

அனுமதி வேலை செய்யத்தான், ஆராதனைக்குப் போக அல்ல. அதற்கு இரம் இருந்தாள். பக்கத்து சீட், பாலிடெக்னிக் நாளிலிருந்து தோழி. ரெனிட்டா தன் பாஸ்வேர்டை அவளிடம் கொடுத்திருந்தாள். சர்ச் முடியும்வரை இரம் தன் சீட்டில் இருந்தபடியே ரெனிட்டாவின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, ஏதாவது ஒரு கோட்டை நகர்த்திக்கொண்டிருப்பாள். அந்தப் பக்கம் வரும் வாஹித் பாஷா, காலி நாற்காலிக்கு முன்னால் அம்புக்குறி தானாக ஓடுவதைப் பார்த்து, வீட்டில் பெண் மும்முரமாக இருக்கிறாள் என்று திருப்தியாகப் போவார். பதிலுக்கு, நோன்பு மாதத்தில் இரம் சீக்கிரம் கிளம்பினால் அவள் கம்ப்யூட்டரை ரெனிட்டா ஓட்டுவாள். கள்ளத்தனம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நம்பிக்கை இல்லாதவர்களுக்குள் நடக்கிற கள்ளத்தனம் இல்லை அது.

ஒரு திங்கட்கிழமை வாஹித் பாஷா இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் செந்தில்குமாரும் அங்கே இருந்தார்.

"ரெனிட்டா, நேத்து காலைல ஒன்பதரைக்கு உன் கம்ப்யூட்டர்ல வேல செஞ்சது யாரு?"

அந்த நேரத்தில் அவள் எனக்கு முன்வரிசையில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். சர்ச் விஷயம் வெளியே வந்துவிட்டது என்று நினைத்தாள். உண்மையைச் சொன்னால் தன் வேலையோடு இரமின் வேலையும் போகும். இரமின் சம்பளத்தில்தான் அவள் வீடே ஓடுகிறது. அவளை இழுத்துவிட ரெனிட்டாவுக்கு மனம் வரவில்லை.

"நான்தான் சார்."

"வேற யாரும் இல்லியே?"

"இல்ல சார். நான் மட்டும்தான்."

செந்தில்குமார் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார். அடுத்த சீசனுக்கான புது மாடல், ஷூவை வாங்கப்போகிற பையருக்கே இன்னும் காட்டாத பேட்டர்ன், ஞாயிறு ஒன்பதரைக்கு ரெனிட்டாவின் மெயிலிலிருந்து ராணிப்பேட்டையில் ஒரு போட்டிக் கம்பெனிக்குப் போயிருந்தது.

ரெனிட்டா இரமைப் பார்த்தாள். இரம் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பாஸ்வேர்டு தெரிந்த இன்னொரு ஆள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான்.

"சார், நான் சர்ச்சுல இருந்தேன் சார்."

"இப்பதானேம்மா நீதான்னு சொன்ன. எத நம்பறது?" வாஹித் பாஷா குரலை உயர்த்தவில்லை. "ஐடி கார்ட வச்சிட்டுப் போம்மா."

கம்பெனி கேட்டுக்கு வெளியே வெயிலில் ரெனிட்டா காத்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் இரம் வந்தாள்.

"ஏன்டி இப்டி பண்ண? உன்ன நம்பித்தானடி குடுத்தேன்."

இரம் கேட் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "மெதுவா பேசு. ராணிப்பேட்டைல டிசைன் ஹெட் வேல தர்றாங்க. இங்க இருந்தா எனக்கு எப்ப கெடைக்கும் சொல்லு?"

"அதுக்கு என் பேரா கெடச்சுது உனக்கு? நான் உன்னக் காப்பாத்தத்தான பொய் சொன்னேன்."

"உன்ன யாரு சொல்லச் சொன்னா? நான் வாயே தொறக்கல. நீயேதான நான்தான்னு சொன்ன."

இரம் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.