கையைத் தூக்காத ஆசனம்

கம்பம் பக்கம் நான் நடத்தும் யோகா விடுமுறை முகாம்களின் வருமானத்தில் ஒரு பகுதியைக் கொண்டு எங்கள் ஊர் சமுதாயக் கூடத்துக்குப் புதிதாகக் கூரை போட்டோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். முகாமுக்கு வந்திருந்த சென்னைக்காரர்கள், திராட்சைத் தோட்டத்துப் பெண்களுக்கும் யோகா சொல்லித்தர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். விடிந்ததிலிருந்து வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது வேறா என்று எனக்கு எரிச்சல்.

ஆனாலும் சாயங்காலம் பெண்கள் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். "ரெண்டு கையையும் மேலே தூக்குங்க" என்றார் ஒரு சென்னை அம்மா. எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"காலையிலருந்து திராட்சைப் பந்தலுக்குக் கீழ கையத் தூக்கிக்கிட்டுத்தானம்மா நிக்கிறோம்" என்றாள் ஒருத்தி.

அந்த அம்மாவின் முகம் வாடியது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப படுத்துக் கண்ணை மூடிக்கங்க, அது போதும்" என்றார். சற்று நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. நாங்கள் ஓசைப்படாமல் வெளியே வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டோம்.

இருட்டும் நேரத்தில், பந்தலைப் பற்றிச் சொன்னவளின் கணவர் வந்து, "இன்னும் முடியலையா?" என்று உள்ளே எட்டிப் பார்த்தார். அவரைத் திட்ட நான் வாயைத் திறப்பதற்குள், கண்ணைத் திறக்காமலே அவள் சொன்னாள்:

"யோகா நடக்குது. நீங்க போயி உலைய வைங்க."