கண்ணாடி அறையில் பாதிப் பேச்சு

அவளுக்குப் பூனை என்று பேர் வைத்தவள், தறிக்கூடத்தில் நெசவு நூலைக் குச்சியில் சுற்றித் தருகிற தார் சுற்றுகிறவள். நடந்து வந்தால் காலடி கேட்காது. பக்கத்தில் வந்து நின்றாலும் தெரியாது. ஆனால் நாலு பேர் பேசுவதை ஓரமாக நின்று ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். பேர் ஒட்டிக்கொண்டது. வீட்டில்கூட கோபம் வந்தால் மட்டும்தான் புருஷன் அவளைச் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவான்.

பள்ளிக்கூடத்தில் அவளை வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள். எழுத்தெல்லாம் தெரியும். வார்த்தை தொண்டைவரைக்கும் வரும், அதற்குமேல் ஏறாது. மற்ற பிள்ளைகள் சிரித்து ஓய்ந்த பிறகு உட்காரச் சொல்வார்கள். அப்பா கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து படுத்த வருஷம் அவள் படிப்பு நின்றது. தெருவே பாவம் என்றது. அவளுக்கோ உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இனி யாரும் எழுந்து நிற்கச் சொல்ல மாட்டார்கள்.

தறிக்கூடத்துக்கு வேலைக்கு வந்த முதல் நாளே இது தனக்கென்று கட்டின இடம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அத்தனை விசைத்தறியும் ஒன்றாக ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் ஒன்றும் விளங்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. குரலை விட்டுவிட்டு உதட்டை மட்டும் அகலமாக அசைத்துப் பேசுவார்கள். மிச்சத்தைக் கையும் புருவமும் சொல்லிவிடும். குரல் வேண்டாம் என்றதும் பூனைக்கு வாய் முளைத்துவிட்டது. பார்த்த சினிமாவை எல்லாம் தவணை தவணையாகச் சொல்வாள். பின்வரிசையில் நின்றபடி முன்வரிசைக்காரியைக் கிண்டல் பண்ணுவாள். அடுத்தவர் உதட்டைப் படிப்பதிலும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கூடத்தின் அந்தக் கோடியில் ஒருத்தி புருஷனைத் திட்டினால் இந்தக் கோடியில் இவள் தலையாட்டுவாள்.

இதனால் வீட்டில் ஒரு தொல்லை. அங்கேயும் குரலை விட்டுவிட்டு உதட்டால்தான் பேசுவாள். "அம்மா, சத்தத்தை வை" என்பாள் மகள். புருஷன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். அவனுக்கு எப்போதும் ஒரு சந்தேகம். "அடுப்புப் பக்கம் திரும்பிட்டு வாயசைக்கறா பாரு. என்னைத்தான் திட்டறா." பாதி நாள் அது உண்மையும்கூட.

அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி பக்கத்துத் தறியில் நின்ற கணீரக்கா. அவள் குரல் தறிச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு வரும், அதனால் அந்தப் பேர். மேனேஜரிடம் எல்லாருக்குமாகப் பேசப் போகிறவளும் அவள்தான். பூனை சொல்லும் சினிமாக் கதையைக் கேட்க அவளைப் போல் ஆளில்லை. வில்லன் வந்தால், தறியில் நூலோடு ஓடுகிற ஓடத்தை எடுத்து ஓங்கிக்கொண்டு நிற்பாள். அப்போது சொல்லிக்கொண்டிருந்தது வீட்டைவிட்டுப் போன ஒரு பெண்ணின் கதை; பாதிதான் ஆகியிருந்தது.

ஒரு காலையில் வந்து பார்த்தால் பின்வரிசையை ஒட்டியிருந்த கதவில் பூட்டு தொங்கியது. அந்தக் கதவு வழியாகத்தான் காற்று வரும், தண்ணீர்க் குழாய்க்குப் போக முடியும். கதவின்மேல் அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது: 'பாதுகாப்பு கருதி இக்கதவு மூடப்பட்டுள்ளது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

"யாருடி ஒத்துழைச்சது?" என்றாள் தார் சுற்றுகிறவள். "கையத் தூக்குங்க பாப்போம்."

யாரும் தூக்கவில்லை. துணிச் சுருள்கள் காணாமல் போகின்றன, அந்தக் கதவு வழியாகத்தான் போகின்றன என்று ஒரு பேச்சு. முதலில் யார் சொன்னது என்று தெரியாது. ஆனால் அன்றிலிருந்து முன்வரிசைக்காரிகள் பின்வரிசைக்காரிகளின் பையைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்கள். பூனை நின்றது பின்வரிசையில்.

முதலில் எழுதிக் கொடுத்துப் பார்த்தார்கள். தார் சுற்றுகிறவளின் மகள் கல்லூரியில் படிக்கிறவள். மேலான கவனம், பணிவன்பு, தாழ்மையான விண்ணப்பம் என்று இரண்டு பக்கம் எழுதித் தந்தாள். படிக்கக் கேட்டு எல்லாரும் பெருமைப்பட்டார்கள். கதவு என்ற சொல் கடைசி வரியில் வந்தது. அதைப் புகார்ப் பெட்டியில் போட்டார்கள். பெட்டியிலேயே கிடந்தது. கடைசியில், வாயாலேயே கேட்டுவிடு என்று கணீரக்காவை அனுப்பினார்கள்.

மேனேஜர் அறை கூடத்தின் முன்பக்கம் இருந்தது. சுவருக்குப் பதில் கண்ணாடி. கதவைச் சாத்தினால் உள்ளே தறிச் சத்தம் கேட்காது. இந்த மேனேஜர் புதியவர், கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர். தறி பக்கம் நின்றதில்லை. கூடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மேசைமேல் இருக்கும் கேமராத் திரையில்தான் ஆட்களைப் பார்ப்பார். திரையில் எல்லாரும் எறும்பு அளவுக்குத் தெரிவார்கள். அவர் இப்படி உட்காருவதால் வெளியே இருப்பவர்களுக்கு அவருடைய பின்மண்டை தெரியும். எதிரே நிற்கிறவர் முகம் நன்றாகத் தெரியும். உதட்டைப் படிக்கிற பழக்கம் ஒன்று அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது.

கணீரக்கா உள்ளே போனதும் கூடத்துக் கண்ணெல்லாம் கண்ணாடிமேல். தூரத்தில் நிற்கிறவர்களுக்குப் பூனைதான் படித்துச் சொல்ல வேண்டும்.

"என்னடி சொல்றா?"

"'நீங்க சொல்றது சரிதாங்க சார்'ங்கறா."

"எது சரி?"

"தெரியல. மறுபடியும் 'சரிதாங்க சார்'."

சண்டை போடப் போனவள் சிரித்துக்கொண்டு நின்றாள். பல் தெரியாத, கூச்சமான சிரிப்பு. இத்தனை வருஷத்தில் பூனை அந்தச் சிரிப்பை அவள் முகத்தில் பார்த்ததில்லை.

"இப்ப என்ன?"

"'எங்க மேலயும் தப்பு இருக்குங்க சார்'."

தார் சுற்றுகிறவள் கையிலிருந்த நூல் அறுந்தது. "அடிப்பாவி! அப்புறம்?"

பூனை கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தப்பாகப் படித்துவிடக் கூடாது என்று இன்னொரு தடவை பார்த்தாள். படித்தது சரிதான். "'பையைப் பாத்துக்கங்க சார். தினமும் பாத்துக்கங்க.'"

கணீரக்கா வெளியே வந்து, "கதவு இப்ப இல்ல. அப்புறம் சொல்றேன்" என்று உதட்டால் சொல்லிவிட்டுத் தறிக்குப் போனாள். அது என்ன அப்புறம்? எல்லாருக்கும் முன்னால் சொல்ல முடியாதது என்ன? அன்று சாயங்காலமே வாசலில் வாட்ச்மேன் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டான். பையைக் கவிழ்த்தான், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முகர்ந்தான். "மிச்சம் வச்சிருக்கேன், சாப்பிடறியா?" என்றாள் தார் சுற்றுகிறவள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் கணீரக்காவை முன்வரிசைக்கு மாற்றியிருந்தார்கள். புதுத் தறி. தலைக்கு நேர்மேலே காற்றாடி.

"பாத்தியா? கூலி கைமேல வந்துருச்சு" என்றன உதடுகள்.

தறிக்கூடத்தில் ஒருத்தியை ஒதுக்கிவைக்கச் சண்டையெல்லாம் போட வேண்டியதில்லை. அவள் வாயைப் பார்க்காமல் இருந்தால் போதும். கணீரக்கா திரும்பிப் பேச உதட்டை அசைத்தபோதெல்லாம் எல்லார் கண்ணும் நூலில் இருந்தது. வேலை முடிந்ததும் அவளுக்கு முன்னால் கும்பலாகக் கிளம்பிவிடுவார்கள். பூனையும் அந்தக் கும்பலில் ஓரமாக நடந்தாள். மனசுக்குள் மட்டும் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது: நான் ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லையே? பிறகு ஏன் உறுத்துகிறது? உடனே அந்தச் சிரிப்பு ஞாபகத்துக்கு வரும். உறுத்தல் அடங்கிவிடும்.

லீவு நாளில் கணீரக்கா வீட்டுக்கே வந்தாள். பூனை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மகளை வாசலுக்கு அனுப்பினாள்.

"அம்மா தூங்கறாங்க, பெரியம்மா."

"இந்நேரத்துலயா?" கணீரக்கா ஜன்னல் திரையைப் பார்த்தாள். திரை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. "சரி, தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"ஏன் பொய் சொல்லச் சொன்ன?" என்று மகள் கேட்டாள். பூனை உதட்டை அசைத்தாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வெயில் ஏறியது. கூடத்துக்குள் பஞ்சுத் தூசு பறந்து மூக்கை அடைத்தது. ஒரு மத்தியானம் பின்வரிசையில் ஒருத்திக்குக் கண் இருட்டி, ஓடுகிற தறிமேல் சாயப் பார்த்தாள். பூனைதான் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர் கொண்டுவரக் கூடத்தைச் சுற்றி ஓட வேண்டியிருந்தது. இனியும் பொறுக்க முடியாது, யாராவது போயே ஆக வேண்டும் என்றார்கள்.

"பூனை போகட்டும். அவளுக்கு வேஷம் போடத் தெரியாது" என்றாள் தார் சுற்றுகிறவள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். போகிற வழியில் பூனை கணீரக்காவின் தறியைத் தாண்டினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

மேனேஜர் அறைக் கதவு பின்னால் சாத்திக்கொண்டதும் தறிச் சத்தம் சட்டென்று நின்றுபோனது. அந்த அமைதி அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் எழுப்பி நிறுத்தியது. கதவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

"என்னம்மா, வாய்தான் அசையுது. சத்தத்தைக் காணோமே?"

முகமெல்லாம் சூடானது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். "பின்னால கதவுங்க சார். ஒருத்தி மயங்கி விழப் பார்த்தா."

"நீங்களும் என் நிலைமையைப் புரிஞ்சிக்கணும். பொருள் காணோம்னா மேல எனக்குத்தான் கேள்வி வருது."

"நீங்க சொல்றது சரிதாங்க சார்" என்றாள் பூனை.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அதே வார்த்தை. உதட்டில் ஏதோ ஒட்டியிருப்பது போல் இருந்தது. தொட்டுப் பார்க்காமலே தெரிந்தது, அதே சிரிப்பு. மேனேஜரின் தோளுக்கு மேலாகக் கண்ணாடியைப் பார்த்தாள். அந்தப் பக்கம் தார் சுற்றுகிறவளின் புருவம் நெருங்கியிருந்தது. பக்கத்தில் இருந்தவள் ஏதோ கேட்டாள். இன்னொருத்தி உதட்டைப் பிதுக்கினாள். இவளும்தானா என்றது அந்த உதடு.

மேனேஜர் திரையைப் பார்த்தபடியே பேசினார். "பின்வரிசை மொத்தத்தையும் வீட்டுக்கு அனுப்பிட்டுப் புது ஆள் எடுக்கறதாத்தான் இருந்தேன். உங்க பெரிய குரல்காரம்மாதான் கெஞ்சிச்சு. ஆளை அனுப்பாதீங்க, வேணும்னா பையைப் பாத்துக்கங்கன்னு. சரின்னு விட்டேன். ஆனா பொறுப்பு அதுக்குத்தான். இனி ஒரு சுருள் குறைஞ்சாலும் முதல்ல வெளிய போறது அதுதான். கேமராவுல நல்லாத் தெரியட்டும்னுதான் முன்னால மாத்தினேன்."

பூனை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இத்தனையும் இந்த முதுகுக்குப் பின்னால் நடந்திருக்கிறது. வெளியே தெரிந்தது பாதிப் பேச்சு. அந்தப் பாதியைத்தான் அவள் ஊருக்கெல்லாம் படித்துக் காட்டினாள்.

வெளியே போய்ச் சொல்லலாம். இப்போது அவள் வாயை யார் பார்ப்பார்கள்? ஏற்கெனவே புருவம் நெருங்கிவிட்டது. இந்த நிமிஷம்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். கண்ணாடிக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, உதட்டை அகலமாக அசைத்து, குரலையும் சேர்த்துச் சொன்னாள்.

"பின்வரிசை மொத்தத்தையும் வீட்டுக்கு அனுப்பறதா இருந்தீங்க. அக்காதான் கெஞ்சினாங்க. ஆளை அனுப்பாதீங்க, பையைப் பாத்துக்கங்கன்னு கேட்டாங்க. ஒரு சுருள் குறைஞ்சா முதல்ல அக்காவை அனுப்பிருவீங்க. அதுக்குத்தான் முன்னால மாத்தினீங்க."

"என்னம்மா இது, நான் சொன்னதையே திருப்பிச் சொல்ற?"

"சொல்லிப் பாத்துக்கிட்டாத்தாங்க சார் மனசுல நிக்கும். நான் அதிகம் படிக்கல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தார் சுற்றுகிறவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்வரிசையில் ஒரு தறி நின்றது. பிறகு இன்னொன்று.

"கதவுங்க சார்?"

"பாக்கலாம் பாக்கலாம். திங்கட்கிழமை பாக்கலாம்."

"திங்கட்கிழமை பாக்கலாம்ங்கறீங்க. பாக்கலாம்னா, திறப்பீங்களா சார்?"

"அட, வேலை நேரத்துல மட்டும் திறந்து வைக்கச் சொல்றேன். வாட்ச்மேன் பக்கத்துல உக்காரட்டும். போதுமா?"

"திங்கட்கிழமையிலிருந்து வேலை நேரத்துல கதவைத் திறந்து வைக்கறீங்க. வாட்ச்மேன் பக்கத்துல உக்காருவார். போதுங்க சார்."

மேனேஜர் திரையைத் தட்டினார். "ஏன் தறியெல்லாம் நிக்குது? போய்ப் பாரு போ."

அவள் வெளியே வந்தபோது கூடத்தில் ஒரு தறிகூட ஓடவில்லை. நேராகக் கணீரக்காவிடம் போனாள். "அக்கா" என்று உதட்டை அசைத்தாள். அக்காவின் கண் நூலில் இருந்தது. மறுபடி அசைத்தாள். நிமிரவில்லை.

"அக்கா!"

குரல் கூரையில் போய் மோதித் திரும்பியது. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது, அவளுக்கும்தான்.

"நான் பாதியைப் பாத்துட்டு முழுசாச் சொல்லிட்டேன் அக்கா."

"எதுக்குடி கத்தற? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது." கணீரக்கா தலையைத் தூக்காமலே சொன்னாள். "தறியைப் போடுங்கடி எல்லாரும். திரையில பாத்துட்டிருக்கான்."

திங்கட்கிழமை கதவு திறந்தது. ஒத்துழைப்புக்கு நன்றி சொன்ன தாளை மட்டும் யாரும் எடுக்கவில்லை. பை பார்ப்பதும் நிற்கவில்லை. துணி எங்கே போனது என்றும் தெரியவில்லை. தார் சுற்றுகிறவள் தினமும் ஒரு பழத்தை உரித்துக் கொண்டுபோய் முன்வரிசையில் நீட்டினாள். மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். கணீரக்கா பழத்தைச் சாப்பிட்டாள். பூனையின் வாயை மட்டும் பார்க்கவில்லை. வாசலில் காத்திருந்தால் தாண்டிப் போனாள்.

பூனை தினமும் ஒரு தடவையாவது முன்வரிசைப் பக்கம் திரும்பி நிற்பாள். நிற்பாள், பிறகு வேலையைப் பார்ப்பாள்.

ஒரு பிற்பகல், திறந்த கதவு வழியாகக் கொஞ்சம் காற்று வந்துகொண்டிருந்தபோது, முன்வரிசையில் ஒரு தலை திரும்பியது. கணீரக்கா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கோபம் குறையாமலே உதட்டை அசைத்தாள்.

"அந்தச் சினிமாக் கதையைப் பாதியில விட்டியே. அந்தப் பொண்ணு கடைசியில வீட்டுக்கு வந்தாளா இல்லையா?"

பூனை ஓடத்தைக் கீழே வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.