உதைத்துவிட்டுக் கும்பிட்டவர்

ஸ்ரீரங்கம் கராத்தே வகுப்பில் பச்சை பெல்ட் தேர்வுக்கு எனக்கு ஜோடியாக வந்தவர், நெற்றியில் திருமண்ணும் முன்னால் தொந்தியுமாக ஐம்பது வயதுக்காரர். தன் கால் யார்மேல் பட்டாலும் உடனே குனிந்து, அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். உதைத்தாலும் அப்படித்தான்.

எங்கள் வீட்டில் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான்; எனக்குத் தோற்கிற பழக்கமில்லை. அவர் உதை என் இடுப்பில் விழுந்தது. குனிந்தார். குத்தினேன்.

“சார், இது டெஸ்ட்டுங்க!” என்றேன்.

“இருக்கட்டும்மா, பொண் குழந்தைமேல கால் பட்டுடுத்தே!”

“கும்பிடு தொடக்கத்துலயும் முடிவுலயும்தான், நடுவுல கிடையாது!” என்று மாஸ்டர் என்னைப் பாஸாக்கி, அவரை ஃபெயிலாக்கினார்.

அடுத்த தேர்வில், தொடக்க வணக்கத்திலேயே அவர் எதிராளியைத் தொட்டு, “இனிமே படப்போற காலுக்கெல்லாம் இப்பவே மன்னிச்சுடுங்கோ” என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தயங்காமல் உதைத்து பெல்ட் வாங்கிவிட்டார். அது மரியாதையா, சாமர்த்தியமா என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.