குளத்துக்கு ஒரு பெரிய எழுத்து

அன்வரி பேகத்துக்கு இங்கிலீஷ் வந்தது தபால் உறைகளிலிருந்து. அவளுடைய தகப்பனார் பீச் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. ஆபீசில் கழித்துப்போட்ட பழைய உறைகளைச் சாயங்காலம் மகளுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். அவற்றின் மேலிருந்த விலாசங்களைப் பார்த்துப் பார்த்து எழுதியே அவள் கையெழுத்தைத் திருத்திக்கொண்டாள். கல்யாணமான இரண்டாம் வருஷம் புருஷன் டைபாய்டில் போய்விட, மயிலாப்பூர்க் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் தம்பி ஷஃபியுல்லாவோடு வந்து தங்கினாள். தம்பிக்கு வாசல் அறையில் தையல் மிஷின். அக்காவுக்கு உள்ளே, பச்சைத் திரைக்குப் பின்னால், ஒரு மேஜை.

யுத்தம் வந்த பிறகு அந்த மேஜைக்கும் வேலை வந்தது. பட்டாளத்துக்குத் தமிழில் கடிதம் போட்டால் தணிக்கை ஆபீசில் வாரக்கணக்கில் கிடக்கிறது, இங்கிலீஷில் போட்டால் சீக்கிரம் போய்விடுகிறது என்று ஊரில் ஒரு பேச்சு. உண்மையோ பொய்யோ, அக்கம்பக்கத்துப் பெண்கள் அன்வரியைத் தேடி வந்தார்கள்.

இடப்பெயர் எழுதும்போது மட்டும் அவள் வந்தவர்களைப் படுத்தி எடுப்பாள். பள்ளிவாசல் தெரு என்று ஒருத்தி சொன்னால், "அது தெருவோட பேரா, இல்ல பள்ளிவாசல் இருக்கிற தெருவா?" என்று கேட்பாள். இங்கிலீஷில் பேரென்றால் முதலில் பெரிய எழுத்து, வெறும் அடையாளமென்றால் சின்ன எழுத்து. தகப்பனார் சொல்லிக் கொடுத்தது அது.

"எய்த்துல கூட பெரிசு சின்னது கீதா பீபிம்மா?" என்று சிரித்தாள் முத்தம்மா.

முத்தம்மா தண்ணித்துறை மார்க்கெட்டில் கீரை விற்பவள். புருஷன் வெள்ளைச்சாமி பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டு ஏதோ பாலைவனத்தில் இருந்தான். கடிதம் போனால் இங்கிலீஷ் தெரிந்த கூட்டாளி ஒருவன் அவனுக்குப் படித்துச் சொல்வான். 1943-இல், மழை நின்ற ஒரு மார்கழி நாளில், முத்தம்மா இரண்டு வயசு சீதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"கொளம் ரொம்பிக் கீது, நாலு படிதான் வெளியே தெரியுதுன்னு எய்துங்கோ. சீதா கொளத்துப் படியில உய்ந்துட்டா, முட்டி தேஞ்சிபோச்சி, வேற ஒண்ணும் இல்ல, நல்லா ஆடிக்கினு கீறான்னு எய்துங்கோ."

சென்னைப்பட்டணத்து இங்கிலீஷில் குளத்துக்கு டாங்க் என்றுதான் பேர். அன்வரியின் பேனா அந்தச் சொல்லில் ஒரு கணம் நின்றது. மயிலாப்பூரில் குளம் என்றால் ஒரே குளம்தான். மொஹரத்தன்று பஞ்சா என்னும் கைச்சின்னங்கள் ஊர்வலமாக வருவதும் அதற்குத்தான். அப்படியானால் பேர்தானே? ஆனாலும் குளம் என்பது ஒரு பொருள் என்று நினைத்து, சின்ன எழுத்திலேயே எழுதி முடித்துவிட்டாள்.

ஏழு வாரம் கழித்து முத்தம்மா ஓடிவந்தாள். கையில் வெள்ளைச்சாமியின் பதில். கூடவே, அவன் திருப்பி அனுப்பியிருந்த, அன்வரி எழுதிய அதே கடிதம். அதில் நாலு இடத்தில் தணிக்கைக்காரர்கள் கத்தரிக்கோலால் வெட்டி ஜன்னல் வைத்திருந்தார்கள்.

அன்வரி இரண்டையும் படித்தாள். டாங்க் என்ற சொல் வந்த இடமெல்லாம் போயிருந்தது. நாலு என்ற எண்ணும் போயிருந்தது. பீரங்கி வண்டிக்கும் அதே பேர்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கத்தரித்த இடங்களுக்கு நேர் பின்பக்கத்தில்தான் முட்டியைப் பற்றியும், குழந்தை ஆடுவதைப் பற்றியும் எழுதியிருந்தாள்; அதுவும் கூடவே போயிருந்தது. இப்போது மிச்சம் நின்றது, 'சீதா விழுந்துவிட்டாள்' என்பது மட்டும்.

"என்னிடம் எதை மறைக்கிறார்கள்? குழந்தை உயிரோடு இருக்கிறாளா? ரெண்டு நாளாய்ச் சோறு இறங்கவில்லை. லீவு கேட்டேன், கிடையாது என்றுவிட்டார்கள்" என்று வெள்ளைச்சாமி எழுதச் சொல்லியிருந்தான்.

"தப்பு என்னுதுதான் முத்தம்மா," என்றாள் அன்வரி. "எழுதும்போதே எனக்கு சந்தேகம் வந்துச்சு. விட்டுட்டேன்."

புர்காவைப் போட்டுக்கொண்டு அவளே தபாலாபீசுக்குக் கிளம்பினாள். அதுவரை தனியாக அங்கே போனதில்லை. முத்தம்மா முன்னால் நடக்க, சீதாவை அன்வரி தூக்கிக்கொண்டாள். குழந்தை சுகம், முட்டியில் சிராய்ப்பு மட்டும் என்று தந்தி போயிற்று.

சாயங்காலம் இன்னொரு கடிதத்துக்குத் தாளை எடுத்தாள். தணிக்கை அதிகாரிக்கு.

ஷஃபியுல்லா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தான். "சர்க்காருக்கு நீ புத்தி சொல்றியா ஆபா? யுத்த காலம். தூக்கி உள்ளே போட்டுருவான்."

"போடட்டும். ஒரு தகப்பன் சோறு தின்னாம கிடந்தான்."

"அந்த வார்த்தையே வேணாமே. பாண்ட்னு எழுதிட்டுப் போயேன்."

"அவன் கூட்டாளி அதைக் குட்டைன்னு படிச்சுச் சொல்லுவான். குழந்தை குட்டையில விழுந்துடுச்சுன்னு ஆயிடும்."

அன்வரி எழுதினாள்: 'ஐயா, எங்கள் ஊரில் இந்தச் சொல் தண்ணீர் நிற்கும் இடத்தைக் குறிக்கும். அதற்குக் கற்படிகள் உண்டு, குழந்தைகள் அங்கே விளையாடும். இனி நான் அதைப் பெரிய எழுத்தில், மயிலாப்பூர்க் கோயில் என்பதையும் சேர்த்து, இடத்தின் பேராகவே எழுதுகிறேன். அப்படி எழுதிய இடத்தில் தயவுசெய்து கத்தரிக்க வேண்டாம்.'

பதில் வரவில்லை. ஒரு மாதம் முழுக்க, சந்தில் பூட்ஸ் சத்தம் கேட்டால் ஷஃபியுல்லா ஊசியைக் கீழே வைத்துவிடுவான். போலீஸும் வரவில்லை. சித்திரையில் வெள்ளைச்சாமியிடமிருந்து கடிதம் வந்தது. தந்தி கிடைத்ததாம். அடுத்து அன்வரி எழுதிய கடிதம் முழுசாக வந்ததாம். குளம் என்ற இடத்தில் மட்டும் யாரோ நீலப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'சரி' என்று எழுதியிருந்தார்களாம்.

அதைத் திரைக்குள் உட்கார்ந்து அன்வரி படித்துச் சொல்லச் சொல்ல, முத்தம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "இன்னொரு தபா படிங்கோ பீபிம்மா," என்றாள். அன்வரி மூன்று தடவை படித்தாள்.

நாற்பத்தாறில் வெள்ளைச்சாமி திரும்பி வந்தான். இடது காது சரியாகக் கேட்காது. திரைக்கு வெளியே நின்று, "பேகம்மா, என்னால உங்களுக்கு ரொம்பச் சிரமம்," என்றான் சத்தமாக. உண்மையில் சிரமம் கொடுத்தவள் தான்தான் என்று அன்வரி சொன்னது அவன் காதில் விழவில்லை. அவள் எழுதிக் கொடுத்த மனுவோடு போய், தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு வண்டி ஓட்டும் வேலையில் சேர்ந்தான்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, ராயப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் கையெழுத்துச் சொல்லிக் கொடுக்க அன்வரியைக் கூப்பிட்டார்கள். முதல் நாள் ஷஃபியுல்லா கடையைச் சாத்திவிட்டு பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்தான். பஸ் வந்ததும், "சாயங்காலம் இங்கேயே நிற்கிறேன் ஆபா," என்றான்.