ஆட்டிடம் சொன்ன பேச்சு

பசுவந்தனைப் பக்கம் ஆடு மேய்த்த நல்லக்கண்ணு மாமாவுக்கு வீட்டில் சண்டை வந்தால் ஒரே வழிதான். கம்பை எடுப்பார், மந்தையை ஓட்டிக்கொண்டு கிடை போடக் கிளம்பிவிடுவார். யாருடைய கரிசல் காட்டிலாவது ஆடுகளை இரவு தங்க வைத்தால் நிலத்துக்கு உரம், அவருக்குத் தப்பித்தல். திரும்பி வரும்போது சண்டை ஆறியிருக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் வந்திருக்காது. தன் தம்பி கல்யாணத்துக்கு விளாத்திகுளம் போகலாமா என்று பெருமாயி அத்தை கேட்டதும் அப்படித்தான் போயிற்று. மாமா வந்தபோது கல்யாணம் முடிந்திருந்தது.

அதன்பிறகு அத்தை அவரிடம் எதையும் கேட்கவில்லை. வாசலில் கட்டியிருந்த செம்மறியிடம் சொன்னாள்.

“ஏ செவலை, சோறு ஆறுதுன்னு உங்க ஐயாட்ட சொல்லு.”

“பசியில்லன்னு சொல்லு செவலை.”

தெரு சிரித்தது. அவர்களும் கொஞ்ச நாள் சிரித்தார்கள். மகள் மாரிசெல்வி கல்யாணமாகித் திருப்பூர் போன பிறகும் பேச்சு ஏதாவதொரு ஆட்டின் வழியாகவே நடந்தது.

போன கோடையில் மாமாவுக்கு முழங்கால் விட்டுப்போனது. மந்தையை விற்றார்கள். வீடு அடங்கிப்போனது. ஊர் ஊராகத் திரிந்துவிட்டு அடுத்த வீட்டுக்குத் திரும்பியிருந்த என்னை அத்தை கூப்பிட்டாள்.

“ஏட்டி, மாரிசெல்வி அங்கன வந்து இருக்கச் சொல்லுதா. போவமா, இங்கனயே கிடப்பமான்னு அவியள்ட்ட கேளு.”

“எதிர்க்கதான உக்காந்திருக்காவ? நீங்களே கேளுங்க அத்தை.”

அத்தை மாமா பக்கம் திரும்பினாள். “என்னங்க, போவமா?”

மாமா எழுந்து கம்பை எடுத்தார். ஓட்டிப்போக ஆடில்லை. நொண்டிக்கொண்டே வெளியேறினார்.

சாயங்காலம் வரும்போது தோளில் ஒரு குட்டி. யாரிடமோ கேட்டு வாங்கியிருந்தார். அதை வாசலில் கட்டிவிட்டு, அத்தை இனிப் பேசுவாள் என்று பக்கத்தில் உட்கார்ந்தார்.

அத்தை குட்டிக்குத் தண்ணீர் வைத்தாள். உள்ளே போய்த் துணிகளைப் பையில் அடுக்கினாள்.

மறுநாள் மகளிடம் போகப் பையோடு பஸ்ஸுக்கு வந்தாள். வழியனுப்ப நானும் போனேன். பின்னால் மாமா நொண்டிவந்தார். கோவில்பட்டி பஸ் நின்றதும் கண்டக்டரிடம் போனார்.

“அண்ணாச்சி, சன்னல் ஓரமா உக்காரச் சொல்லுங்க. அவளுக்குத் தல சுத்தும்.”

அத்தை படியில் கால் வைத்தபடி அவர் முகத்தையே பார்த்தாள். இன்னொரு சொல்லுக்காக நின்றாள்.

“ஏறுங்கம்மா, நேரமாவுது.”

“கம்பஞ்சோறு கரைச்சு மூடி வச்சிருக்குன்னு சொல்லுங்க அண்ணாச்சி” என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு ஏறினாள்.

சன்னல் ஓரமாகத்தான் உட்கார்ந்தாள்.